பின்னலாடைகளில் கறை நீக்கல்

பின்னலாடைகளில் கறை நீக்கல் என்பது பனியன், டி-சட்டை, காலுறை, கம்பளிச் சட்டை (சுவெட்டர்) முதலிய பின்னிய ஆடைகளில் படிந்து வழக்கமான சலவையில் போகாத கறைகளை, வீட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு அகற்றும் முறைகளைக் குறிக்கும். நெய்த துணிகளுக்குப் பொருந்தும் சலவை முறைகள் அனைத்தும் பின்னலாடைகளுக்குப் பொருந்துவதில்லை. பின்னல் துணி எளிதில் இழுபட்டு வடிவம் இழக்கக் கூடியது. மேலும், கம்பளி போன்ற புரத இழைகளால் ஆன பின்னலாடைகள் சில வெளுப்பான்களால் கரைந்தே போகக்கூடும்.

கறை நீக்கலில் கறையின் வேதியியல் தன்மை, இழையின் வேதியியல் தன்மை ஆகிய இரண்டையும் சேர்த்தே கருத வேண்டும். ஒரே கறைக்குப் பருத்திப் பனியனில் ஒரு முறையும் கம்பளிச் சட்டையில் வேறொரு முறையும் தேவைப்படும். விடாப்பிடியான கறைகள் எனக் கருதப்படுபவற்றுள் பல, படிந்த உடனே அவ்வாறு இருப்பதில்லை. வெந்நீர், அழுத்தித் தேய்த்தல், பொருந்தாத வெளுப்பான், கறை போகும் முன் இஸ்திரி போடுதல் போன்ற தவறான முதலுதவிகளே அவற்றை விடாப்பிடியானவையாக மாற்றுகின்றன.

பின்னல் துணியின் கட்டமைப்பு

நெய்த துணியில் பாவு, ஊடை என இரு தொகுதி நூல்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. பின்னல் துணியில் நூலானது கண்ணிகளாக (வளையங்களாக) வளைக்கப்பட்டு, ஒரு வரிசைக் கண்ணிகளின் ஊடாக அடுத்த வரிசைக் கண்ணிகள் கோக்கப்படுகின்றன. பனியன், டி-சட்டை ஆகியவற்றில் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் ஆகிய பின்னல் வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. தமிழ்நாட்டின் திருப்பூர் பருத்திப் பின்னலாடைகளுக்கும், பஞ்சாபின் லூதியானா கம்பளிப் பின்னலாடைகளுக்கும் பெயர் பெற்ற நகரங்கள் ஆகும்.

இக்கட்டமைப்பினால் கறை நீக்கலில் பின்வரும் விளைவுகள் ஏற்படுகின்றன.

- கண்ணிகள் நீளவும் சுருங்கவும் கூடியவை. ஈரத்தில் முறுக்கிப் பிழிந்தாலோ கொடியில் தொங்கவிட்டாலோ நீரின் எடையினால் ஆடை இழுபட்டு நீண்டுவிடும்.
- பின்னலுக்கான நூல் பொதுவாகக் குறைந்த முறுக்குடன் மென்மையாக நூற்கப்படுகிறது. தூரிகையால் தேய்த்தால் இழை முனைகள் வெளிவந்து சிறு உருண்டைகளாகத் திரளும்.
- கண்ணிகளுக்கு இடையில் வெற்றிடம் மிகுதி. நீர்மக் கறை விரைவாக உள்ளே இறங்கிப் பின்புறம் வரை பரவும். ஆயினும் இதே காரணத்தால், பின்புறத்திலிருந்து நீரைச் செலுத்திக் கறையை வெளியே தள்ளுவதும் எளிதாகிறது.
- ஒரு கண்ணி அறுந்தால் அதனைச் சார்ந்த கண்ணிகளும் வரிசையாகப் பிரியும். எனவே வேதிப்பொருளால் ஏற்படும் சிறு துளையும் பெரிய சேதமாக வளரக்கூடும்.

இழைகளும் அவற்றின் தாங்குதிறனும்

பருத்தி: செல்லுலோசினால் ஆனது. காரத்தை நன்கு தாங்கும். நனைந்த நிலையில் இதன் வலிமை கூடுகிறது. அமிலம் துணியிலேயே உலர்ந்தால் செல்லுலோசுச் சங்கிலிகள் அறுபட்டு நூல் நலிவடையும். ஆதலால் எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் போன்றவற்றைப் பயன்படுத்திய பின் நன்கு அலசுதல் இன்றியமையாதது.

கம்பளி: கெரட்டின் என்னும் புரதத்தினால் ஆனது. மென் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. நனைந்தால் வலிமை குறையும். இதன் இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உள்ளன. ஈரம், வெப்பம், அசைவு ஆகியன சேரும்போது இச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால் ஆடை நிலையாகச் சுருங்கித் தடித்துவிடும். இதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

விசுகோசு (ரேயான்): மரக்கூழிலிருந்து பெறப்படும் செல்லுலோசு இழை. வேதியியலில் பருத்தியை ஒத்தது. ஆனால் நனைந்தால் வலிமையைப் பெருமளவு இழக்கும். எனவே ஈர நிலையில் தேய்க்கக் கூடாது.

பாலியெசுத்தர்: நீரை விலக்கி எண்ணெயை ஈர்க்கும் தன்மை கொண்டது. தேநீர்க் கறை எளிதில் போகும். எண்ணெய்க் கறை விடாது ஒட்டிக்கொள்ளும்.

அக்ரிலிக்: கம்பளிக்கு மாற்றாகக் குளிர்கால ஆடைகளில் பயன்படுகிறது. பெரும்பாலான கறைகளைத் தாங்கும். ஈரத்துடன் மிகு வெப்பம் பட்டால் பின்னல் தளர்ந்து வடிவம் கெடும்.

எலாசுத்தேன் (சுபான்டெக்சு): நீள்தன்மைக்காகப் பருத்தி, பாலியெசுத்தர் ஆகியவற்றுடன் சிறு விழுக்காட்டில் சேர்க்கப்படுகிறது. குளோரின் வெளுப்பானால் சிதைந்து, ஆடை தொளதொளப்பாகிவிடும். 'பருத்தி' என்று எண்ணப்படும் பல பனியன்களில் இது கலந்திருப்பதால் ஆடையின் உட்புறச் சீட்டைப் படித்துப் பார்ப்பது நன்று.

கறை படியும் முறை

ஒரு பொருள் இழையில் தங்குவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, துகள்கள் கண்ணிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளுதல். சேறு, புகைக்கரி ஆகியன இவ்வகை. இரண்டாவது, எண்ணெய் போன்ற நீரில் கரையாத பொருள் இழையின் மீது படலமாகப் பரவுதல். மூன்றாவது, நிறமி மூலக்கூறுகள் இழையினுள் புகுந்து அதனுடன் பிணைதல். மஞ்சள், தேநீர், பாக்கு முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. உண்மையில் இது ஒரு சாயமேற்றுதலே ஆகும்.

நாளடைவில் கறை முதிர்கிறது. சமையல் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசின் போல இறுகும். வாழைச்சாற்றிலும் தேநீரிலும் உள்ள பீனாலியச் சேர்மங்கள் ஆக்சிசனேற்றம் அடைந்து கரும்பழுப்பாகும். இரத்தம், முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் வெப்பத்தினால் உறைந்து, நீரில் கரையாதவையாக மாறும். எனவே காலமும் வெப்பமும் கறை நீக்கலுக்கு எதிரானவை.

கறை நீக்கும் பொருட்கள் செயல்படும் விதம்

சலவைப்பொருள்: சவர்க்காரம், சலவைத்தூள், பாத்திரம் கழுவும் நீர்மம் ஆகியவற்றின் மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் முனையும் எண்ணெயை நாடும் முனையும் உண்டு. இவை எண்ணெயைச் சூழ்ந்துகொண்டு சிறு துளிகளாக நீரில் மிதக்கச் செய்கின்றன. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து அது நூலினுள் ஊடுருவவும் உதவுகின்றன. கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளுடன் சவர்க்காரம் சேர்ந்து கரையாத படிவை உண்டாக்கும். வெண்ணிறப் பனியன்கள் சாம்பல் நிறமாவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

நொதிகள்: புரதச்சிதைப்பு நொதி இரத்தத்தையும் பாலையும், மாச்சத்துச் சிதைப்பு நொதி சோற்றுக் கஞ்சியையும், கொழுப்புச் சிதைப்பு நொதி எண்ணெயையும் சிறு மூலக்கூறுகளாகத் துண்டிக்கின்றன. கம்பளியும் பட்டும் புரதங்களே ஆதலால் புரதச்சிதைப்பு நொதி கறையையும் இழையையும் ஒருசேரத் தாக்கும். கம்பளிக்கென விற்கப்படும் சலவை நீர்மங்களில் பொதுவாக இந்நொதி சேர்க்கப்படுவதில்லை.

ஆக்சிசன் வெளுப்பான்கள்: ஐதரசன் பெராக்சைடும், நீரில் கரையும்போது அதனை வெளியிடும் சோடியம் பெர்கார்பனேட்டும் இவ்வகையின. இவை கறையை அகற்றுவதில்லை. நிறமி மூலக்கூறைச் சிதைத்து நிறமற்றதாக்குகின்றன. பெர்கார்பனேட்டுக் கரைசல் காரத்தன்மை உடையது என்பதால் பருத்திக்கு உகந்தது, கம்பளிக்கு உகந்ததன்று. மருந்துக்கடைகளில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஐதரசன் பெராக்சைடை வெண்கம்பளியில் சிறிது நேரம் பயன்படுத்தலாம்.

குளோரின் வெளுப்பான்: சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல். கலப்பில்லாத வெண்பருத்திக்கு மட்டுமே ஏற்றது. கம்பளியை இது கரைத்துவிடும். இழைகளை இனங்காணும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் கம்பளியைப் பிரித்தெடுக்க இப்பண்பே பயன்படுத்தப்படுகிறது.

அமிலங்கள்: வினிகர், சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் ஆகியன. பிந்தைய இரண்டும் இரும்பு அயனிகளைப் பிணைத்து நீரில் கரையச் செய்வதால் துருக்கறைக்குப் பயன்படுகின்றன.

கரைப்பான்கள்: எரிசாராயம், ஐசோபுரோப்பைல் ஆல்ககால் ஆகியன நீரில் கரையாத சாயங்களைக் கரைக்கின்றன.

வரலாறு

பண்டைய உரோமில் கம்பளி ஆடைகளைத் தூய்மை செய்யப் புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் பயன்படுத்தப்பட்டன. சிறுநீரில் உருவாகும் அம்மோனியா எண்ணெயை அகற்ற உதவியது. இத்தகைய சலவைக்கூடங்களின் இடிபாடுகள் பொம்பெய் நகரில் காணப்படுகின்றன.

1589-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னலாடைகள் பெருமளவில் உற்பத்தியாவதற்கு இது வழிவகுத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் குளோட் லூயி பெர்த்தொலே குளோரினின் வெளுக்கும் பண்பை ஆராய்ந்து, அதனைத் துணி வெளுப்பதற்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். 1799-இல் சார்லசு டென்னன்ட் வெளுப்புத்தூளுக்கு (பிளீச்சிங் பவுடர்) காப்புரிமை பெற்றார். 1818-இல் லூயி சாக் தெனார் ஐதரசன் பெராக்சைடைக் கண்டறிந்தார்.

1907-இல் செருமனியின் என்கல் நிறுவனம், ஆக்சிசனை வெளியிடும் சோடியம் பெர்போரேட்டைக் கொண்ட பெர்சில் சலவைத்தூளை அறிமுகப்படுத்தியது. 1913-இல் ஓட்டோ ரோம் கணைய நொதியைச் சலவையில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். காரக் கரைசலைத் தாங்கும் நுண்ணுயிர் நொதிகள் 1960களில் சலவைத்தூள்களில் பரவலாயின. 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் சோசப் சிவர்சு சுபான்டெக்சு இழையை உருவாக்கினார். நீளும் பின்னலாடைகள் பெருகியதோடு, அவற்றைக் குளோரினிலிருந்து காக்கும் தேவையும் பிறந்தது.

பொதுவான செயல்முறை

கறை எதுவாயினும் மென்மையான முறையில் தொடங்கி, தேவைக்கேற்ப வலிய முறைக்குச் செல்வது பாதுகாப்பானது.

1. திண்மமாக உள்ளதை மழுங்கிய கத்தி அல்லது கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். நீர்மத்தை உறிஞ்சும் வெண்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தல் கூடாது.
2. ஆடையைப் புரட்டி, கறையின் பின்புறத்தில் குளிர்நீரை மெல்லிய தாரையாக விட வேண்டும். கறை வந்த வழியே வெளியேறும். எண்ணெய்க் கறைக்கு மட்டும் இப்படி விலக்கப்பட்டது.
3. பயன்படுத்த இருக்கும் பொருளை உட்புறத் தையல் விளிம்பில் ஒரு துளி இட்டு, சில நிமிடங்கள் கழித்து ஈர வெண்துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் வெண்துணியில் ஒட்டினால் அப்பொருள் அந்த ஆடைக்கு ஏற்றதன்று.
4. ஒரு மடித்த வெண்துணியைக் கறையின் அடியில் வைத்து, மருந்தை மேலிருந்து இட்டு, விரல் நுனியால் மெல்லத் தட்ட வேண்டும். வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கிச் செயல்பட்டால் கறை வளையம் உண்டாவது தவிர்க்கப்படும்.
5. ஒரு பொருளை முழுமையாக அலசிய பின்னரே அடுத்த பொருளை இட வேண்டும்.
6. பருத்தியைச் சலவைத்தூள் கரைசலில் அரை மணி முதல் சில மணி நேரம் ஊறவைக்கலாம். கம்பளியை 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் சில நிமிடங்கள் மட்டும் அமுக்கி அலச வேண்டும். அலசும் நீரும் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.
7. முறுக்காமல், உலர்ந்த துண்டின் மீது ஆடையை விரித்துச் சுருட்டி அழுத்தி நீரை நீக்க வேண்டும். பின்னர் சமதளத்தில் உரிய வடிவில் பரப்பி உலர்த்த வேண்டும்.
8. கறை முற்றிலும் போனதைப் பகல் ஒளியில் உறுதிசெய்யும் வரை இஸ்திரி போடுதல் கூடாது.

கறைகளும் தீர்வுகளும்

மஞ்சளும் குழம்பும்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்க்குமின் என்னும் சேர்மம். இது நீரில் அரிதாகவே கரையும். எண்ணெயிலும் ஆல்ககாலிலும் கரையும். குழம்புக் கறையில் எண்ணெயும் குர்க்குமினும் சேர்ந்தே உள்ளதால் முதலில் பாத்திரம் கழுவும் நீர்மத்தால் எண்ணெயை நீக்க வேண்டும்.

சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் கறை செந்நிறமாக மாறுவது பலரும் அறிந்தது. இது புதிய கறையன்று. குர்க்குமின் காரத்தில் சிவக்கும். நன்கு அலசினாலோ சிறிது வினிகர் சேர்த்தாலோ மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளுடன் சுண்ணாம்பு முதலிய காரப்பொருள் சேர்த்து மரபு முறையில் குங்குமம் செய்யப்படுவதும் இவ்வினையின் அடிப்படையிலேயே ஆகும். சிவந்த கறையைக் கண்டு மேலும் மேலும் சவர்க்காரம் தேய்ப்பதால் பின்னல் நைந்து போகுமே தவிரப் பயன் இராது.

குர்க்குமின் ஒளியினால் சிதைவடையும். எனவே எண்ணெய் நீங்கிய ஈரப் பருத்தியாடையை வெயிலில் உலர்த்துவதே எளிய தீர்வாகும். எஞ்சிய நிறத்துக்கு ஆக்சிசன் வெளுப்பானைப் பயன்படுத்தலாம். கம்பளியை நெடுநேரம் வெயிலில் வைத்தால் கம்பளியே மஞ்சளாகிவிடும் என்பதால் அதற்கு இம்முறை ஏற்றதன்று. கம்பளிக்கு நீர் கலந்த ஆல்ககாலால் ஒற்றியெடுக்கலாம்.

தேநீரும் காப்பியும்

இவற்றில் உள்ள பாலிபீனால்களே நிறத்தைத் தருகின்றன. குளிர்நீரால் அலசிய பின், ஒரு பங்கு வெண்வினிகருக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்த கரைசலால் ஒற்ற வேண்டும். தேநீரின் நிறம் காரத்தில் கருமை அடைவதால் சவர்க்காரக் கட்டியை நேரடியாகத் தேய்ப்பது தவறு. நீர்மச் சலவைப்பொருள் ஏற்றது. பால் கலந்த தேநீராயின் புரதமும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் தொடக்கத்தில் வெந்நீர் கூடாது.

இரத்தம்

குளிர்நீரே முதல் மருந்து. உடனே அலசினால் பெரும்பகுதி நீங்கிவிடும். உலர்ந்த கறையைக் குளிர்ந்த உப்புநீரில் ஊறவைத்து, பருத்தியாயின் நொதி கலந்த சலவைத்தூளைப் பயன்படுத்தலாம். எஞ்சிய பழுப்பு நிறத்தின் மீது 3 விழுக்காட்டு ஐதரசன் பெராக்சைடை இட்டால் நுரைத்துப் பொங்கும். இரத்தத்திலுள்ள கேட்டலேசு நொதி பெராக்சைடைச் சிதைத்து ஆக்சிசனை வெளியிடுவதே நுரைக்குக் காரணம். நிற ஆடைகளில் சோதித்த பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும்.

எண்ணெயும் கிரீசும்

இருசக்கர வண்டியின் சங்கிலிக் கிரீசு, தலைக்குத் தடவும் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியன இவ்வகை. நீர் படும் முன் முகப்பூச்சு மாவு (டால்கம்) அல்லது சோளமாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டுத் தட்டிவிட வேண்டும். அதன்பின் உலர்ந்த துணியின் மீதே பாத்திரம் கழுவும் நீர்மத்தை இட்டு, சிறிது நேரம் கழித்து அலச வேண்டும். பருத்தி, பாலியெசுத்தர் ஆடைகளுக்கு இளஞ்சூட்டு நீர் உதவும். ஈர நிலையில் எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த பின் மீண்டும் தெரிவது இயல்பு. அப்போது செயல்முறையை மறுமுறை செய்ய வேண்டும்.

துரு

கொடிக்கம்பி, இரும்புக் கொக்கி, இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றால் உண்டாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும், அல்லது ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலமும் பயன்படும். கறையின் மீது இட்டு, உலரவிடாமல் வைத்திருந்து நன்கு அலச வேண்டும்.

துருக்கறையில் வெளுப்பான் இடுவது பெரும் பிழையாகும். குளோரின் வெளுப்பான் துருவை நீக்காது. நீரில் கரைந்துள்ள இரும்பையும் துருவாக மாற்றித் துணியில் படியச் செய்யும். ஐதரசன் பெராக்சைடு இட்டால், இரும்பு வினையூக்கியாகச் செயல்பட்டு அவ்விடத்தில் பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும். அப்போது தோன்றும் வினைமிகு துகள்கள் பருத்தியைத் தாக்கிச் சிறு துளைகளை உண்டாக்கும். எனவே முதலில் அமிலத்தால் இரும்பை நீக்கி, அலசிய பின்னரே வெளுக்க வேண்டும்.

வியர்வை மஞ்சள்

பனியன்களின் அக்குள் பகுதியில் தோன்றும் மஞ்சள் நிறம் வியர்வையால் மட்டும் வருவதன்று. தோலின் எண்ணெய்ப்பசை, வியர்வைப் புரதங்கள், வியர்வையடக்கிகளில் உள்ள அலுமினிய உப்புகள் ஆகியன சேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. நீர் கலந்த வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து அலசி, பின்னர் நொதிச் சலவைத்தூளும் ஆக்சிசன் வெளுப்பானும் சேர்த்துத் துவைக்கலாம். குளோரின் வெளுப்பான் புரதத்துடன் வினைபுரிந்து மஞ்சள் நிறத்தை மிகுதிப்படுத்தக்கூடும்.

வாழைச்சாறும் வெற்றிலைச்சாறும்

வாழைத்தண்டு, வாழைக்காய் ஆகியவற்றின் சாறு படிந்தவுடன் நிறமற்றதாக இருக்கும். காற்றுப் பட்டு ஆக்சிசனேற்றம் அடைந்ததும் கரும்பழுப்பாகிவிடும். நிறம் தோன்றும் முன் அலசுவதே சிறந்த தீர்வு. முதிர்ந்த கறையை வெண்பருத்தியில் ஆக்சிசன் வெளுப்பானால் பலமுறை ஊறவைத்து மங்கச் செய்யலாம். முற்றிலும் போகும் என்பதற்கு உறுதியில்லை.

வெற்றிலைச்சாற்றில் சுண்ணாம்பின் காரமும் பாக்கின் துவர்ப்பிகளும் சேர்ந்து செந்நிறம் உண்டாகிறது. ஆகையால் சவர்க்காரத்துக்கு முன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த நீரால் அலசிச் சுண்ணாம்பை நீக்க வேண்டும். எஞ்சுவதைத் தேநீர்க் கறை போலவே கையாளலாம்.

பேனா மை

பந்துமுனைப் பேனாவின் மையில் சாயம் எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானில் கரைந்துள்ளது. அடியில் உறிஞ்சும் துணியை வைத்து, பஞ்சில் தோய்த்த ஆல்ககாலால் ஒற்ற வேண்டும். அடித்துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் கரைந்த மை மீண்டும் ஆடையிலேயே பரவும். நிறமித்துகள் கொண்ட கூழ்ம மை (செல் பேனா) ஆல்ககாலில் கரையாது. அது நீங்குவது கடினம்.

பூஞ்சைப் புள்ளிகள்

ஈரத்துடன் மடித்து வைத்த பருத்தியாடையில் கரும்புள்ளிகளாகத் தோன்றும். வீட்டுக்கு வெளியே உலர்ந்த நிலையில் தட்டிவிட்டு, சலவைத்தூள், ஆக்சிசன் வெளுப்பான் கரைசலில் ஊறவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பூஞ்சை செல்லுலோசையே உணவாகக் கொள்வதால் நாட்பட்ட புள்ளிகள் உள்ள இடத்தில் துணி நைந்திருக்கும்.

மரபு முறைகள்

தமிழகத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் தோய்த்த பருத்தித் துணிகளை ஆவியில் வேகவைத்து வெளுத்தனர். இது வெள்ளாவி எனப்படுகிறது. உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டின் காரமும் ஆவியின் வெப்பமும் எண்ணெய்ப்பசையை அகற்றுகின்றன. பருத்திக்கு உகந்த இம்முறை கம்பளியையும் எலாசுத்தேனையும் கெடுத்துவிடும்.

பூந்திக்கொட்டையின் தோலில் உள்ள சப்போனின்கள் நீரில் நுரைத்து அழுக்கை நீக்குகின்றன. இதன் கரைசல் காரமற்றது என்பதால் பட்டு, கம்பளி ஆகியவற்றுக்குப் பொருந்தும். இக்கரைசலுக்கு இயல்பாகவே பழுப்பு நிறம் உண்டு; எனவே வெண்ணிற ஆடைகளை நன்கு அலச வேண்டும்.

துணிக்கு இடும் நீலம் கறையை நீக்குவதில்லை. மஞ்சள் நிறத்தின் மீது நீல நிறத்தைச் சேர்ப்பதால் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. சலவைத்தூள்களில் சேர்க்கப்படும் ஒளிர்பொருட்களும், புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியை உமிழ்வதால் இதே விளைவைத் தருகின்றன.

பிழையான நம்பிக்கைகள்

- சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் வலிய கறைநீக்கி கிடைக்கும் என்பது தவறு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட்டு கலந்த நீரே. பொங்கும் நுரை கரியமில வாயு ஆகும்.
- வெந்நீர் எல்லாக் கறைகளுக்கும் நல்லது என்பது தவறு. புரதக் கறைகளை அது நிலைநிறுத்தும்.
- மருந்து மிகுந்தால் பயன் மிகும் என்பது தவறு. மிகுதியான சலவைப்பொருள் அலசலில் முழுதும் போகாமல் கண்ணிகளில் தங்கி, புதிய அழுக்கை ஈர்க்கும்.
- பற்பசையால் தேய்த்தால் மை போகும் என்பர். அதிலுள்ள அரமிகள் பின்னல் நூலின் மேற்பரப்பைச் சிராய்க்கும்.

பாதுகாப்பு

குளோரின் வெளுப்பானுடன் வினிகர், சிட்ரிக் அமிலம், கழிவறை தூய்மிக்கும் அமிலம் ஆகியவற்றுள் எதைக் கலந்தாலும் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியாவுடன் கலந்தால் குளோரமீன் வாயுக்கள் உண்டாகும். சிறிய குளியலறையில் இவற்றைச் சுவாசிப்பது உயிருக்கே ஆபத்தானது. தற்செயலாகக் கலந்துவிட்டால் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறல் இருப்பின் மருத்துவ உதவி பெற வேண்டும். ஒரே ஆடையில் அமிலமும் வெளுப்பானும் பயன்படுத்த நேர்ந்தால் இடையில் பலமுறை அலசுதல் கட்டாயம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றால் கிரீசை நீக்கும் வழக்கம் தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஆல்ககாலும் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு ஆகியவற்றுக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது. ஆக்சாலிக் அமிலம் நச்சுப்பொருள். வீட்டில் சிட்ரிக் அமிலமே அதற்குப் பாதுகாப்பான மாற்றாகும். பெர்கார்பனேட்டுக் கரைசலை மூடிய புட்டியில் சேமித்தால் வெளிவரும் ஆக்சிசனின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கக்கூடும். தேவைக்கேற்ப அவ்வப்போது கலக்க வேண்டும். எந்தக் கறைநீக்கியையும் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைத்தல் கூடாது. குழந்தைகள் அருந்திவிடும் விபத்துகளுக்கு இது காரணமாகிறது.

பராமரிப்புக் குறியீடுகள்

ஆடைச் சீட்டுகளில் காணப்படும் குறியீடுகள் ஐஎஸ்ஓ 3758 என்னும் பன்னாட்டுத் தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன.

- நீர்த்தொட்டி: நீரில் துவைத்தல். உள்ளே உள்ள எண் உயர்ந்த அளவு வெப்பநிலை. கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும்.
- வெற்று முக்கோணம்: எவ்வகை வெளுப்பானும் பயன்படுத்தலாம்.
- இரு சாய்கோடுகள் கொண்ட முக்கோணம்: ஆக்சிசன் வெளுப்பான் மட்டும்.
- குறுக்கே வெட்டப்பட்ட முக்கோணம்: வெளுத்தல் கூடாது.
- சதுரம்: உலர்த்தும் முறை. நடுவில் கிடைக்கோடு இருந்தால் சமதளத்தில் பரப்பி உலர்த்த வேண்டும்.
- இஸ்திரிப்பெட்டி: இஸ்திரி போடும் வெப்ப அளவு.
- வட்டம்: தொழில்முறைச் சலவை.

வரம்புகள்

எல்லாக் கறைகளும் வீட்டில் நீங்குவன அல்ல. வெளுப்பான் பட்டு ஆடையின் சாயமே போன இடம், இஸ்திரி வெப்பத்தால் கருகிய இடம் ஆகியன கறைகள் அல்ல, சேதங்கள். அவற்றுக்கு மறுசாயமிடுதலோ ஒட்டுத்தையலோதான் தீர்வு. மறுசாயமிடுதல் பருத்தியில் எளிது. பாலியெசுத்தரில் வீட்டில் செய்வது கடினம். விலையுயர்ந்த கம்பளி ஆடைகளையும், என்ன கறை என்று அறியப்படாதவற்றையும் மேலும் எதுவும் இடாமல் உலர்சலவையகத்திடம் ஒப்படைப்பது நன்று. அப்போது கறை எதனால் ஆனது, இதுவரை என்னென்ன இடப்பட்டன என்ற விவரங்களைத் தெரிவித்தால் அவர்களின் பணி எளிதாகும்.

சிறிதளவு மங்கிய கறை எஞ்சியிருக்கும் நிலையில் நிறுத்திக்கொள்வதும் ஒரு முடிவே. கறையைவிடத் துளை பெரிய குறை என்பதால், நூல் நலிவதற்கான அறிகுறி தென்பட்டவுடன் செயல்முறையைக் கைவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- பின்னலாடை
- கம்பளி
- பருத்தி
- சவர்க்காரம்
- நொதி
- ஐதரசன் பெராக்சைடு
- குர்க்குமின்
- வெள்ளாவி
- திருப்பூர்